மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம்

நம் முன்னோர் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) என்று அந்த வாய்பாடு இறங்கிக்கொண்டே போகும். ஆனால் அந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. இயற்கையோ அந்த மூன்றில் ஒரு பங்கை ஓரிடத்தில் ஒளித்து வைத்திருந்தது. மைசூரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விஞ்ஞானம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

எலெக்ட்ரான் எனும் முழுக்காசு

1909 முதல் எண்ணெய்த் துளிகளை வைத்து மில்லிகன் செய்த சோதனைகள், மின்னூட்டம் எப்போதும் ஒரே அளவின் முழு மடங்காகவே வரும் என்று காட்டின. அந்த அளவு 1.602 × 10⁻¹⁹ கூலும். இதுவே ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம். எலெக்ட்ரானை யாரும் இதுவரை உடைத்ததில்லை.

1981ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சூய், ஸ்டோர்மர், கோசார்ட் ஆகிய மூவரும், குறைகடத்தி அடுக்குகள் சந்திக்கும் ஒரு தளத்தில் அடைபட்ட எலெக்ட்ரான்களை மைனஸ் 272 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து, அத்தளத்துக்குச் செங்குத்தாக 15 டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் செலுத்தினார்கள். ஹால் மின்தடை எனப்படும் குறுக்கு மின்தடை, 25,812.8 ஓம் என்ற அடிப்படை அளவின் மூன்று மடங்கில் வந்து நின்றது.

1983ல் லாஃப்லின் இதற்கு விளக்கம் தந்தார். எலெக்ட்ரான்கள் உடையவில்லை. அவை கூட்டாகச் சேர்ந்து ஒரு திரவம் போலாகின்றன. அத்திரவத்தில் எழும் சலனம் ஒவ்வொன்றும், மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் கொண்ட துகளைப் போல நடந்துகொள்கிறது. இதைப் போலித்துகள் என்று சொல்லலாம். தசரா ஊர்வலக் கூட்டத்தில் ஒருவர் நகர, அவ்விடத்தை அடுத்தவர் நிரப்ப, ஒரு வெற்றிடம் கூட்டத்தினூடே பயணம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓர் ஆள் அல்ல, ஆனாலும் நகர்கிறது. லாஃப்லின், ஸ்டோர்மர், சூய் மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.

சராசரியா, உண்மையா?

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். குடும்பத்துக்குச் சராசரி இரண்டரைப் பிள்ளைகள் என்று கணக்கு சொல்லலாம். அரைப் பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. மூன்றில் ஒன்று என்பதும் அப்படிப்பட்ட சராசரிதானோ? ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணும் வழியை 1918லேயே ஷாட்கி காட்டியிருந்தார். வீட்டிலேயே செய்து பாருங்கள். எவர்சில்வர் தட்டில் நிலக்கடலையைக் கொட்டுங்கள், சடசடவென்று கேட்கும். அதே எடை ரவையை அதே நேரத்தில் கொட்டினால், சரசரவென்று மெல்லிய ஓசைதான். மணி பெரிதானால் இரைச்சல் அதிகம். மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்தால், அதில் வரும் மணியின் அளவும் தெரிந்துவிடும்.

அதற்கு மணிகள் ஒவ்வொன்றாக, தற்செயலாக விழ வேண்டும். இங்கேதான் சுரங்க ஊடுருவல் உதவுகிறது. நான் வேலை பார்த்த ரயில்வேயில் சுரங்கம் என்றால் மலையைக் குடைய வேண்டும். குவாண்டம் உலகில் குடையாமலே துகள் தடையின் மறுபக்கம் போய்விடும். எலெக்ட்ரான் திரவத்தின் இரு கரைகளிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுகிறது. நடுவே ஒரு குறுகலை அமைத்தால், போலித்துகள்கள் திரவத்தினூடே ஒன்றிரண்டாக எதிர்க்கரைக்குத் தாவுகின்றன. 1997ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஹைப்லம் குழுவினரும், பிரான்ஸின் சாக்லே ஆய்வுக்கூடத்தில் கிளாட்லி குழுவினரும் அந்த இரைச்சலை அளந்தனர். மணியின் அளவு மூன்றில் ஒன்றாகவே இருந்தது. சராசரி அல்ல, உண்மை!

குறுகலை இன்னும் இறுக்கித் திரவத்தை இரண்டாகத் துண்டித்தால், தாண்டுவது முழு எலெக்ட்ரான்தான். திரவத்துக்குள் மட்டுமே பங்குக்கு வாழ்வு. வெளியே வர வேண்டுமானால் மூன்றும் சேர்ந்தாக வேண்டும்.

நம் நாட்டவர் பங்கு

1/3, 2/5, 3/7 என்று வரும் பின்ன வரிசைக்கு 1989ல் காரணம் சொன்னவர் ஜைனேந்திர ஜெயின். ராஜஸ்தானின் சாம்பர் என்ற ஊரில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஒவ்வோர் எலெக்ட்ரானும் இரண்டு சுழல்களைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு புதுத் துகளாக இயங்குகிறது என்பது அவர் கண்டது. 2025ல் அவருக்கும் ஹைப்லத்துக்கும் ஐசன்ஸ்டைனுக்கும் வுல்ஃப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு வினா: 2/5 நிலையில் ஹைப்லம் குழுவினர் 1999ல் கண்ட மணியின் அளவு ஐந்தில் ஒன்று. அங்கே ஒரு முழு எலெக்ட்ரான் வெளியேற எத்தனை பங்குகள் சேர வேண்டும்?