ஆயாவை வரைகிற பாப்பாவுக்கு



நீ அனுப்பிய படங்களைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடவே ஒரு கேள்வியும் போட்டிருந்தாய்: “ஆயா சாகக் கிடக்கிறதை வரைஞ்சு காலேஜ்ல மார்க் வாங்குறனா தாத்தா? இது திருட்டா?” போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவள் உனக்கு ஆயா, எனக்கு அக்கா. அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

சின்னக்கடைத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், கல்யாணப் படத்துக்கு அடுத்தபடியாக எனக்குச் சோறு போட்டது சாவுப் படம். விடிவதற்கு முன்பே சைக்கிளில் ஆள் வந்து கதவைத் தட்டுவான். கேமராவையும் ஃபிளாஷையும் தூக்கிக்கொண்டு போனால், பொணத்தைக் குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். முதுகு சரியாமலிருக்க வேட்டியால் ஒரு கட்டு, தாடைக்கு ஒரு கட்டு, நெற்றியில் காசு. சுற்றிலும் பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள், அழுது வீங்கிய முகத்தோடு கேமராவைப் பார்த்தபடி. படத்தைக் கழுவியெடுத்த பிறகுதான் பெரிய வேலை. “அம்மாவ மட்டும் தனியா, கண்ணு தொறந்தாப்ல வேணும்” என்பார்கள். தாடைக்கட்டை அழித்துவிட்டு, மூடின இமைமேல் மெல்லிய பிரஷால் கண் எழுதுவேன். எப்படிப்பட்ட கண்? அவளை உயிரோடு நான் பார்த்ததே கிடையாது. மகன் சின்னக் கண் என்பான், மகள் பெரிய கண் என்பாள். நடுவாக ஒன்றை எழுதிக் கொடுப்பேன். அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். இந்த ஊரைச் சுற்றி எத்தனை வீட்டுச் சுவரில் மாலைக்கு நடுவிலிருந்து நான் எழுதின கண் பார்த்துக்கொண்டிருக்கிறதோ!

அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்த வீடுகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதவளை எடுத்த படம் அது. உன் ஆயாவுக்கு இன்னும் வாய் இருக்கிறது. போன வாரம் நீ வைத்துவிட்டுப் போன படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, என்னைப் பூதமாட்டம் போட்டுக்கிறா” என்றாள். அவள் பார்த்துத் திட்ட முடிகிற படம் எப்படித் திருட்டாகும்? ஆகவே ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டு. கிழி என்றால் கிழித்துவிடு, உன் வாத்தியார் எவ்வளவு மெச்சினாலும் சரி. காலையில் சரி என்றவள் சாயங்காலம் அதை மறந்துவிடுகிறாள், தெரியும். மறுபடி கேள். அலுப்பாகத்தான் இருக்கும்.

துக்கப்படாமல் அவள் கன்னத்து நிழலைக் கவனிக்கிறேனே என்று வேறு எழுதியிருந்தாய். 1879இல் ஓவியர் மோனேயின் மனைவி கமீல் இறந்தபோது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த முகத்தை வரைந்தார். அதில் மாறிக்கொண்டே வந்த நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தன் கண் தன்னையறியாமல் தேடிக்கொண்டிருந்ததைப் பல வருஷம் கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் சொல்லியிருக்கிறார். எழவு வீட்டுக்குப் போன தையற்காரன் கண்ணில் சட்டையின் தையல் படாமலா இருக்கும்? பழகின கண் அப்படித்தான். அதற்காக அழாதே.

உன்னை மாதிரியே அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் மார்க், டான் என்று ஜூரி சகோதரர்கள் இரண்டு பேர். அவர்களுடைய தாத்தா ஃபிராங்க் டூகென்ட், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். புத்தி தடுமாறிப்போன அவருடைய கடைசி வருஷங்களைப் பேரன்கள் படமெடுத்தார்கள். 1974 பிப்ரவரியில் கிழவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் சாப்பாடும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். ‘கிராம்ப்’ என்ற பெயரில் 1976இல் அது புத்தகமாக வந்தது. துணியில்லாமல் நிற்பதும், கழுவிவிடுவதும், எல்லாம் அதில் இருக்கிறது. நானாயிருந்தால் எடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் கழுவிவிட்டதும் அவர்கள்தான். நீயும் அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரத்தில் நோட்டைத் தூரப் போடு. முதுகுக்குப் பவுடர் போட்டு, புடவையைச் சரிசெய்த பிறகு எடுத்துக்கொள். அவளுக்குச் சோறு ஊட்டுகிற வீடியோவை ஸ்டேட்டஸில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

நம்ம திருவண்ணாமலையிலேயே ஒருவர் சாவதை ஊரே வரிசையில் நின்று பார்த்திருக்கிறது. 1949இல் ரமண மகரிஷிக்கு இடது கையில் கட்டி. அந்த ஒரே வருஷத்தில் நாலு தடவை ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு இற்றுப்போன பிறகும் தரிசனத்தை நிறுத்த அவர் ஒப்பவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி, கடைசி நாளிலும், அந்தச் சின்ன அறையைக் கடந்து ஜனங்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் அவரைப் படமெடுத்ததும் அந்தக் கடைசி நாட்களில்தான். பார்க்கட்டும் என்று படுத்திருந்தவரே சொன்னார். மற்றவர்கள் தடுத்தும் சொன்னார். கணக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது.

இனி, எதை வரைவது. ரமணாசிரமத்துக்குப் போனால் லட்சுமி பசுவின் சமாதியைப் பார். 1926இல் கன்றாக வந்தது. மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குப் போட்ட கீரைப்பாட்டிதான் பசுவாகப் பிறந்து வந்தாள் என்று நம்பினவர்கள் உண்டு. அது 1948 ஜூன் 18ஆம் தேதி இறந்தபோது ரமணர் ஒரு வெண்பா எழுதினார். அதில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் பஞ்சாங்கம்: வருஷம், மாதம், கிழமை, திதி, நட்சத்திரம், லட்சுமி முக்தியடைந்த நாள். அந்தப் பசுவின் தலைமேல் கை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுதியது அவ்வளவுதான். உன் படங்களில் மூலைக்கு மூலை இருட்டு, ஜன்னல், காய்ந்த பூ. அவள் தலைமாட்டில் இருப்பது தைலப் புட்டியும் மாத்திரை அட்டையும்தானே? காய்ந்த பூ எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. நீ அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் வாய் பிளந்து தூங்குகிற முகம். புறநானூற்றில் முதுமையைப் பற்றிய 243ஆம் பாட்டைப் பாடியவரே கிழவர்தான். தொடித்தலை விழுத்தண்டினார், அவர் ஊன்றின கோல்தான் பேர். சின்ன வயசில் மரக்கிளையிலேறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததைச் சொல்வதற்குத்தான் அவருக்குப் பாட்டில் இடம். இருமலும் நடுக்கமும் கடைசியில்தான் வருகிறது. அதனால் காலையில் வா. வெயிலில் கட்டிலை இழுத்துப் போட்டு, மடியில் முறமும் மல்லாட்டையும் கொடுத்தால் அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். விதைக்கு உரிக்கிற பழக்கம். மூக்குப் பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள், காய் தையலோடு பிளக்கிறது, பருப்பின் சிவப்புத் தோலில் ஒரு கீறல் விழுவதில்லை. என் பேர் அன்றைக்கு ஞாபகம் வராவிட்டாலும் சொத்தைப் பருப்பைத் தனியாக எடுத்து வைக்கிறாள். அந்தக் கட்டைவிரலை வரை. நகம் நடுவில் பிளந்திருக்கும், கவனி.

பௌர்ணமியன்று வராதே, கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வா. அக்காவுக்கு உன்மேல் இப்போதைக்கு இருக்கிற ஒரே குறை, மூக்கில் எட்டுக்கல் பேசரி போடாமல் வரைந்துவிட்டாயாம். “அதுதான் எந்தக் காலத்திலோ அடகுல முழுகிப்போச்சே அக்கா” என்றேன். “அது அவளுக்குத் தெரியுமா? போடச் சொல்லு” என்றாள். போட்டுவிடு.

இப்படிக்கு,
சின்னத் தாத்தா