துள்ளலும் நிதானமும் சேர்ந்த ஸ்கீ: முதல் ஜோடியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் செட்டியார்பட்டியிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் நைட்டி தைப்பது பல வீடுகளுக்குச் சோறு போடும் தொழில். அளவு தெரியாமல் இங்கே யாரும் துணியில் கத்தரி வைப்பதில்லை. பனிச்சறுக்குக் கற்க முதன்முறை காஷ்மீரின் குல்மார்க் போனபோது அந்தப் பாடத்தை நான் மறந்துவிட்டேன். வாடகைக் கடையில் எடுத்துக் கொடுத்த ஸ்கீ என்னும் சறுக்குப் பலகை ஜோடியை அப்படியே மாட்டிக்கொண்டேன். அது என் தலையைத் தாண்டிய நீளம். மூன்று நாளாகியும் என்னால் ஒழுங்காக ஒரு திருப்பம் போட முடியவில்லை. நான்காம் நாள் பயிற்றுநர் என் மோவாய் உயரத்துக்கு ஒரு ஜோடியை மாற்றித் தந்தார். அன்று மதியமே இரு பக்கமும் திரும்பினேன். நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போகிறவர்கள் அந்த மூன்று நாளை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பனி என்று முடிவு செய்யுங்கள்

தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் கொங்டூரி நிலையத்துக்கும், இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கு மேலும் கொண்டுபோய் விடும். முதல் கட்டம் 1998இலும் இரண்டாவது 2005இலும் ஓடத் தொடங்கின.

கீழே, கற்பவர்களுக்கான மென்சரிவுகள். மேலே, யாரும் சமன் செய்யாத ஆழமான புதுப்பனி. ஒரே சரிவுகூட மார்ச்சில் காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும், மதியம் வெயிலில் கூழாகக் குழையும். தார் ரோடு, கரிசல் பாதை, மலையடிவாரச் சரளை மூன்றிலும் ஒரே சைக்கிளை ஓட்டுவது போன்ற நிலைமை இது. எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கச் செய்யப்பட்டவையே ‘ஆல் மவுன்டன்’ வகை ஸ்கீகள். உங்கள் நாட்களில் பெரும்பகுதி எந்தப் பனியில் கழியும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பூட்ஸை முதலில் பாருங்கள்

ஸ்கீக்கு நீங்கள் சொல்ல நினைப்பதெல்லாம் பூட்ஸ் வழியாகத்தான் போகும். பூட்ஸுக்குள் குதிகால் எழும்பினால், எவ்வளவு நல்ல ஸ்கீயும் சொன்னபடி கேட்காது. ஸ்கீ பூட்ஸின் அளவெண், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் எண்தான். 26 செ.மீ. பாதத்துக்கு 26.

உள்மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டுப் பாருங்கள். விரல்நுனி முன்னால் மெல்லத் தொடும்போது, குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். தொடக்கநிலையில் பூட்ஸின் விறைப்பு எண் ஆண்களுக்கு 70 முதல் 90 வரை, பெண்களுக்கு 60 முதல் 80 வரை போதும்.

படி 3: நீளத்தை உடம்பில் வைத்து அளந்து பாருங்கள்

ஸ்கீயைப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். புதிதாகக் கற்பவருக்கு அதன் நுனி மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வரட்டும். நன்றாகத் திரும்பப் பழகியவர் மூக்கிலிருந்து உச்சந்தலை வரை போகலாம். எடை கூடியவர் இந்த வரம்புக்குள் சற்று நீளமாக எடுக்கலாம். ஒல்லியானவர் சற்றுக் குறைக்கலாம். நீளம் கூடினால் வேகத்தில் உதறல் குறையும். நீளம் குறைந்தால் திருப்புவது சுலபம்.

படி 4: இடுப்பு அகலமும் திருப்ப ஆரமும்

ஸ்கீ, முனையிலும் வாலிலும் அகன்று நடுவில் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கிய இடம்தான் இடுப்பு. சமன் செய்த தளத்தில் கற்பவருக்கு 75 முதல் 85 மி.மீ. ஏற்றது. கலவையான பனிக்கு 85 முதல் 95. அதற்கு மேல் போகப்போகப் புதுப்பனியில் நன்றாக மிதக்கும். ஆனால் கெட்டிப் பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற நேரமெடுக்கும்.

திருப்ப ஆரம் என்பது, ஸ்கீயைச் சாய்த்தால் அது இயல்பாக வரையும் வட்டத்தின் ஆரம். இதன் இரு எல்லைகளையும் பந்தயத்தில் காணலாம். குல்மார்க் வட்டாரத்திலிருந்து வளர்ந்த ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் குறுகிய திருப்பங்களுள்ள சிலாலம், அகன்ற திருப்பங்களுள்ள ஜெயன்ட் சிலாலம் இரண்டிலும் இந்தியாவுக்காக இறங்கினார். பந்தய விதிப்படி ஆண்கள் சிலாலத்துக்கு ஸ்கீ குறைந்தது 165 செ.மீ. இருந்தால் போதும். ஜெயன்ட் சிலாலத்துக்குக் குறைந்தது 193 செ.மீ. நீளமும் 30 மீட்டர் ஆரமும் வேண்டும். முன்னது துள்ளலின் எல்லை, பின்னது நிதானத்தின் எல்லை. பந்தய வீரர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வார். நமக்கு ஒரே ஜோடிதான் என்பதால் 14 முதல் 17 மீட்டர் ஆரமே நல்ல நடுவழி.

படி 5: வளைவைக் கையால் சோதியுங்கள்

இரண்டு ஸ்கீகளின் அடிப்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியை உண்டாக்கும் வளைவுக்குக் கேம்பர் என்று பெயர். ஒரு கையால் நடுவை அழுத்தி மூடி, விட்டுப் பாருங்கள். வெடுக்கென்று விரியும். திருப்பத்தின் முடிவில் உங்களை அடுத்த திருப்பத்துக்குத் தூக்கிவிடுவது அதே விசைதான்.

இப்போது முனைகளைப் பாருங்கள். அவை நுனிக்கு வெகு முன்பே விலகத் தொடங்கினால் அது ராக்கர். ராக்கர் இருந்தால் முனை பனிக்குள் புதையாது. முனையில் ராக்கரும் காலடியில் கேம்பரும் சேர்ந்த அமைப்பே கலவைப் பனிக்கு நம்பகமானது.

படி 6: உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பெரும்பாலான ஸ்கீகளின் நடுவே மரம், அதற்கு மேலும் கீழும் கண்ணாடியிழை. சிலவற்றில் டைட்டனல் என்னும் அலுமினியக் கலவைத் தகடும் இருக்கும். தகடு அதிர்வை உள்வாங்கும், ஸ்கீ முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும். ஆனால் எடையையும் விறைப்பையும் கூட்டும். முனை முதல் வால் வரை இரண்டு முழுத் தகடு கொண்ட ஸ்கீ, தொடக்கக்காரரின் எடைக்கு வளையவே வளையாது. வளையாத ஸ்கீ திரும்பாது. தகடே இல்லாத லேசான ஸ்கீயோ கெட்டிப் பனியில் படபடக்கும். காலடிப் பகுதியில் மட்டும் தகடு, முனையில் நெகிழ்வு: இப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

படி 7: பைண்டிங்கில் அலட்சியம் வேண்டாம்

விழும்போது பூட்ஸை விடுவித்து முழங்காலையும் எலும்பையும் காப்பது பைண்டிங். அதன் விடுவிப்பு எண்ணை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், உங்கள் திறன் ஆகிய ஐந்தையும் கேட்டு, தெரிந்தவரே வைக்க வேண்டும். எடையை ஒரு கிலோகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். உங்கள் பூட்ஸின் அடிவகை அந்தப் பைண்டிங்குக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

படி 8: வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாங்குங்கள்

வருடத்துக்கு ஒரு வாரம் போகிறவர் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கி, ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். எடுக்கும்போது விரல் நகத்தை இரும்பு விளிம்பில் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகத்தூள் சுரண்டி வந்தால் விளிம்பு கூர்மை. வழுக்கிக்கொண்டு போனால் தீட்டித் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்திருந்தால் அந்த ஜோடியைத் தொடாதீர்கள். நாளுக்கொரு ஜோடியாக இரண்டு மூன்று ரகம் மாற்றிப் பார்த்தால் உங்கள் கால் தானே பதில் சொல்லும்.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல்

அகன்ற ஸ்கீ கிடைத்துவிட்டது என்பதற்காக அஃபர்வாத்தின் திறந்த சரிவுக்குப் போய்விடாதீர்கள். 2023 பிப்ரவரியில் அங்கு நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும், உள்ளூர் வழிகாட்டியும், பீக்கன் (புதைந்தவரைக் கண்டறியும் கருவி), மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் இல்லாமல் மேலே போகக் கூடாது.

கிளம்பும் முன் ஒரு அளவுச் சீட்டு

நம் ஊர்த் தையல்காரர் எழுதுவது போல ஒரு சிறு தாளில் எழுதுங்கள்: உயரம், எடை, வயது, பாதத்தின் நீளம், இதுவரை சறுக்கிய நாட்கள், போகும் மாதம், சறுக்கப் போகும் சரிவு. கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சீட்டை நீட்டுங்கள். ‘நல்ல ஸ்கீ எது?’ என்று கேட்டால் கடையில் இருப்பது வரும். அளவைச் சொன்னால் உங்களுக்கானது வரும்.