சூரியனும் சகோதரன், பகைவனும் சகோதரன்

இயற்கையைக் கண்டு வியக்காதவர் இல்லை. அந்த வியப்பு நம்மை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும்? இத்தாலியின் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது.

1225ஆம் ஆண்டு. கண்நோயால் அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வெளிச்சம் பட்டாலே வேதனை. அந்நிலையில்தான் ‘சிருஷ்டிகளின் கீதம்’ பிறந்தது. கற்றோரின் லத்தீனை விடுத்து, ஊரார் பேசும் மொழியில் பாடினார். சூரியனைச் சகோதரன் என்றும், நிலவையும் நீரையும் சகோதரி என்றும் அழைத்தார். இது வெறும் அலங்காரமன்று. படைத்த தந்தை ஒருவரே என்பது அவருடைய விசுவாசம். அப்படியானால் படைப்புகள் யாவும் உடன்பிறப்புகள்தாமே!

அப்பொழுது அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை. ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவரோ ஆயரிடம் எவரும் கொடுக்கல் வாங்கல் வைக்கலாகாது எனத் தடை விதித்தார். பிரான்சிஸ், மன்னிப்போரைப் போற்றும் அடிகளைக் கீதத்தில் சேர்த்து, தம் சகோதரர்களை அனுப்பி இருவர் முன்னிலையிலும் பாடச் செய்தார். இருவரும் தழுவிக்கொண்டார்கள் என்று அவருடைய தோழர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன.

சூரியனைச் சகோதரன் என்பது எளிது. அது நம்மிடம் சண்டைக்கு வருவதில்லை. மனிதரை அவ்வாறு அழைப்பதே கடினம். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் உதிப்பது அதே சூரியன்தான். மொழி வேறான அண்டை வீட்டாரும், ஊரில் மனத்தாங்கலோடு விட்டுவந்த உறவினரும் அதன் கீழேதான் வாழ்கிறார்கள்.

பிள்ளைகளுடன் சேர்ந்து சிந்திக்க ஒரு கேள்வி: நம் வீட்டில் பேச்சு நின்றுபோன உறவு எது? முதல் வார்த்தையை யார் பேசப் போகிறோம்?