கட்டிலுக்கு அடியில் ஒரு கோழி

ஆங்கிலப் பாடவேளையில் படம் வரையச் சொல்வது எனக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளாகச் செய்து வந்தேன். தவறாகச் செய்து வந்தேன். கரும்பலகையில் நான் ஒரு வீடு வரைவேன். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னை மரம். மாணவர்கள் அதைப் பார்த்து வரைந்து, கீழே 'ஹவுஸ்', 'சன்', 'ட்ரீ' என்று எழுதுவார்கள். 24 நோட்டிலும் அதே இரண்டு மலை. எங்கள் ஊரில் மலையே கிடையாது. சுவரில் ஒட்டினால் அழகாக இருக்கும். ஆனால், மறுநாள் "வேர் இஸ் தி ட்ரீ?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கண் பார்க்கிறது, கை வரைகிறது. காதுக்கு அங்கே வேலையே இல்லை.

பிறகுதான் வரிசையை மாற்றினேன். பலகையில் படம் இல்லை. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர்கள் கேட்டு, புரிந்துகொண்டதைச் சிலேட்டில் வரைய வேண்டும். சொல்வதை எழுதுதலைப் போல, இது சொல்வதை வரைதல். பழைய முறைதான், 'பிக்சர் டிக்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலப் பயிற்சிகளில் நாம் கேள்விப்பட்டிருப்போம். செய்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தது.

முதல் வாரம் நான் சொன்ன வாக்கியம், 'தேர் இஸ் எ ஹென் அண்டர் தி காட்.' 'ஹென்' என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதிப் பேர் சிலேட்டின் நடுவில் பெரிய கோழியாக வரைந்துவிட்டார்கள். பிறகு 'அண்டர்' வருகிறது, கடைசியில் 'காட்' வருகிறது. கட்டிலுக்கு இடமில்லை. அழித்தார்கள், முணுமுணுத்தார்கள். காரணம் யோசித்தால் எளிது. தமிழில் நாம் 'கட்டிலுக்கு அடியில் ஒரு கோழி இருக்கிறது' என்கிறோம். கட்டில் முதலில் வந்து இடம் தயாராகிவிடுகிறது. கோழி பிறகு வந்து அதில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு தலைகீழ். நம் பிள்ளைகள் 'காட் அண்டர் ஹென்' என்று எழுதுவது கவனக்குறைவு அல்ல. தமிழ் ஒழுங்கில் யோசித்து ஆங்கிலச் சொற்களை அடுக்குகிறார்கள். இதை இலக்கணமாக நான் விளக்கியதே இல்லை. நாலைந்து நாளில் அவர்களாகவே வாக்கியம் முடியும்வரை சாக்பீஸைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் ஆறு மாதமாக வாய் திறக்காதவள். அன்று அவள் சிலேட்டில் கோழி கட்டிலுக்கு மேல் நின்றது. 'அண்டர்' புரியவில்லை என்று முடிவு செய்து, பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் குறியை எச்சில் தொட்டு அழித்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே நெளிநெளியாகக் கோடுகள். "இது என்னம்மா?" என்றேன். "மழைத் தண்ணி டீச்சர். வீட்டுக்குள்ள வந்துடுச்சு. கோழியை மேல தூக்கி வச்சோம்." அந்த வாரம் எங்கள் பகுதியில் நல்ல மழை. நெளிகோட்டைக் காட்டி "வேர் இஸ் தி வாட்டர்?" என்றேன். சற்று நேரம் கழித்து, "வாட்டர் அண்டர் காட்" என்றாள். ஆறு மாதத்தில் அவளிடமிருந்து வந்த முதல் ஆங்கில வாக்கியம். 'அண்டர்' அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாதென்று குறி போட்டது நான்.

அன்றுமுதல் படத்தில் சரி, தவறு என்று குறியிடுவதில்லை. முதலில் கேட்பேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நாம் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளுக்கு இது வசதியாகவும் இருக்கிறது. வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றே, கேள்விதான் வேறு. அரும்பு நிலையில் இருப்பவர் தொட்டுக் காட்டினால் போதும். மொட்டு ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். மலர் நிலையினர் படத்துக்குக் கீழே வாக்கியமாக எழுத வேண்டும்.

பன்மைக்கும் இதுவே கைகொடுத்தது. தமிழில் 'மூன்று மரம் நிற்கிறது' என்று பேசுவது இயல்பு. எண் சொன்ன பிறகு 'கள்' தேவைப்படுவதில்லை. அதனால்தான் 'த்ரீ ட்ரீ' என்று எழுதுகிறார்கள். நான் எண்ணை எடுத்துவிட்டேன். ஒருமுறை 'டிரா எ ட்ரீ', மறுமுறை 'டிரா ட்ரீஸ்.' கடைசி ஒலியைக் கேட்டவர் பல மரம் வரைவார். கேட்காதவர் ஒன்றோடு நிறுத்துவார். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்ததும் "எத்தனை மரம் டீச்சர்?" என்பார். நான் பதில் சொல்வதில்லை. வாக்கியத்தையே மறுபடி சொல்வேன்.

சிறிய எழுத்தில் 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதும் தொல்லை எல்லா வகுப்பிலும் உண்டு. (எந்த 'பி' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நம் எழுத்தில் இரண்டு 'பி'க்கும் ஒரே உருவம். பிள்ளைகளின் சிக்கலும் அதில்தான் தொடங்குகிறது. பந்தைக் குறிக்கும் 'பால்' சொல்லின் முதலெழுத்தைச் சொல்கிறேன்.) 'பெட்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதச் செய்து, அதையே கட்டிலாக்கச் சொன்னேன். இடது ஓரத்தில் ஒரு நிமிர்ந்த கோடு, வலது ஓரத்தில் ஒன்று, நடுவில் படுக்கை. எழுத்தைத் திருப்பிப் போட்டால் கட்டில் கோணிக்கொள்ளும், படுப்பவர் விழுவார். சந்தேகம் வந்தால் இப்போது நோட்டின் ஓரத்தில் குட்டிக் கட்டில் ஒன்று வரைந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

சிரமங்களும் உண்டு. ஓவியத்தில் ஆர்வமுள்ள பிள்ளை கோழியின் ஒவ்வோர் இறகையும் வரைந்துகொண்டிருக்கும். பாடவேளை 40 நிமிடம்தான். அதனால் வண்ணப் பென்சில் இல்லை, சிலேட்டு மட்டும், படம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். சிலேட்டில் வரைந்தால் பெற்றோருக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. "நாலு கோட்டு நோட்டு காலியா இருக்கே டீச்சர்" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. வாரம் ஒருமுறை, ஒருபக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில் வரையவைத்துக் கீழே வாக்கியம் எழுதச் செய்து வீட்டுக்கு அனுப்புகிறேன். வீட்டில் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னாலே போதும் என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் சாக்பீஸ் என் கையில். அவர்கள் சொல்ல, நான் வரைய வேண்டும். கீழ்மட்டக் கரும்பலகையில் குனிந்து வரைவதால் முதுகு பிடித்துக்கொள்கிறது. 'டாக் இன் தி பாக்ஸ்' என்று ஒருவன் சொன்னால் வேண்டுமென்றே நாயைப் பெட்டிக்கு மேல் வைப்பேன். மூன்றாம் வகுப்பு முழுக்க, "நோ டீச்சர், இன்! இன்!" என்று கத்தும். பக்கத்து அறை ஆசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளி அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சிலேட்டு கேட்டார், கொடுத்தோம்.