ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு?

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கும். தங்கச் சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே வேலையைத் தொடங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு பலர் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்படிப் போன ஓர் இளைஞர் தச்சு மேஸ்திரி ஒருவரிடம் சேர்ந்தார். ஒரு நாள் மேஸ்திரி சொன்னார்:

"தம்பி, இந்தத் தேக்குப் பலகையை இருபது இஞ்ச் மூணு நூல்ல அறுத்து வை."

இளைஞர் டேப்பை வைத்தார். 20 என்ற எண்ணைப் பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று சின்னக் கோடுகளை எண்ணினார். பென்சிலால் குறித்தார். அறுத்தார்.

பலகை ஜன்னலில் பொருந்தவில்லை. ஒன்றரை நூல் குறைந்தது.

"சரியாத்தானே எண்ணினேன் அண்ணே!"

"கோட்டை எண்ணினே தம்பி. நூலை எண்ணலையே! பெரிய பலகையைச் சின்னதாக்கலாம். சின்னதை எப்படிப் பெரிசாக்குறது?"

தவறு எங்கே?

ஓர் அங்குலத்துக்கு 8 நூல். இது வேலைக்காரர்களின் கணக்கு. ஆனால் அந்த டேப்பில் ஓர் அங்குலம் 16 பாகமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு பாகம் சேர்ந்தால்தான் ஒரு நூல். 3 நூலுக்கு 6 கோடு எண்ண வேண்டும். அவர் 3 கோட்டோடு நின்றுவிட்டார்.

ஆகவே டேப்பைக் கையில் எடுத்ததும் முதலில் ஒன்று செய்யுங்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே எத்தனை பாகம் என்று எண்ணுங்கள். சிலவற்றில் 8 இருக்கும். சிலவற்றில் 16 இருக்கும்.

கோட்டின் உயரத்தைப் பாருங்கள்

எல்லாக் கோடும் ஒரே உயரம் இல்லை. எண் உள்ள கோடு மிக நீளம். அங்குலத்தின் நடுவில் உள்ள கோடு அதைவிடச் சற்றுக் குட்டை. அதுதான் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அரைக்காலைப் பாதியாக்கினால் வீசம். பாதியாக்க ஆக்கக் கோடும் குட்டையாகிறது. நம் பாட்டன்மார் நெல்லையும் நிலத்தையும் கணக்குப் பார்த்த அதே சொற்கள்தான் இவை.

16 பாகம் உள்ள டேப்பில்:

அரை அங்குலம் = 4 நூல் = 8 கோடு
கால் அங்குலம் = 2 நூல் = 4 கோடு
அரைக்கால் அங்குலம் = 1 நூல் = 2 கோடு
வீசம் அங்குலம் = அரை நூல் = 1 கோடு

இன்னும் இரண்டு எச்சரிக்கை

அளவு தொடங்குவது 0இல். 1இல் அல்ல. 1 என்ற எண்ணைப் பலகையின் விளிம்பில் வைத்து அளந்தால் ஓர் அங்குலம் குறைந்துவிடும்.

டேப்பின் ஓர் ஓரத்தில் அங்குலம் இருக்கும். மறு ஓரத்தில் சென்டிமீட்டர் இருக்கும். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டர் அளவைக் கொண்டுவந்தது. ஆனாலும் தச்சுப் பட்டறையிலும் பைப் கடையிலும் அங்குலம் நிற்கிறது. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஓரம் மாறிப் பார்த்தால் 20 அங்குலம் கிடைக்காது. 8 அங்குலம்கூட வராது.

அந்த இளைஞர் வேறு பலகை எடுத்தார். 20ஐத் தாண்டி 6 கோடு எண்ணினார். குறித்தார். மறுபடியும் அளந்து பார்த்தார். பிறகுதான் ரம்பத்தை எடுத்தார். பலகை ஜன்னலில் கச்சிதமாக உட்கார்ந்தது.

செய்து பாருங்கள்

1. முக்கால் அங்குலம் எத்தனை நூல்?
2. 16 பாகம் உள்ள டேப்பில் 5 நூலுக்கு எத்தனை கோடு?
3. பலகையின் நீளம் 12 அங்குலம். அதில் 7 அங்குலம் 6 நூல் அறுத்தால் மீதி எவ்வளவு? ரம்பம் தின்னும் தூளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விடை: 1) 6 நூல். 2) 10 கோடு. 3) 4 அங்குலம் 2 நூல்.