ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை



விபத்திலோ தீக்காயத்திலோ அடிபட்டு, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். காயம் ஆறினாலும் பயம் சீக்கிரம் ஆறாது. இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ராத்திரியில் திடுக்கிட்டு அலறுவார்கள். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கும். சின்னப் பிள்ளைகள் அந்த விபத்தையே பொம்மை வைத்துத் திரும்பத் திரும்ப விளையாடும். வளர்ந்த பிள்ளைகளோ பைக் சத்தம் கேட்டாலே முகம் மாறி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். இதைத் திமிர் என்று திட்டாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும்.

பார்க்க வருகிறவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழத்தை வைத்துவிட்டு, "எப்படி ஆச்சு, ரத்தம் நிறைய போச்சா?" என்று பிள்ளை முன்னாலேயே விசாரிக்கிறோம். அது வேண்டாம். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் மட்டும் முழுசாகக் கேளுங்கள். "அதை மறந்துடு" என்று வாயை அடைக்காதீர்கள். கட்டுப் பிரிக்கும்போது "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "கொஞ்ச நேரம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றால் அடுத்த முறையும் நம்மை நம்பும்.

இன்னொன்று கடன் பேச்சு. செலவுக்குக் குழுவில் வாங்கிய கடன், அடகு போன நகை என்று காதுபடப் பேசினால், "எல்லாம் என்னாலதான்" என்று பிள்ளை மனசுக்குள் வைத்துக்கொள்ளும். வயசுப் பிள்ளைகளுக்கு இது ஆபத்து. தவணையைப் பற்றிக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள், வீட்டுத் திண்ணையில் வேண்டாம்.

பள்ளிக்கூடம் அனுப்பும் முன் ஆசிரியரைப் பார்த்து, முதல் வாரம் அரை நாள் போதும் என்று கேட்டுப் பாருங்கள். தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் "தீ பட்டுச்சு, இப்ப ஆறிடுச்சு" என்று சொல்ல வீட்டிலேயே பழக்கலாம்.

மந்திரித்துத் திருநீறு போடுவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "செத்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் உடனே கூட்டிப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

தாயும் பல ராத்திரி தூங்காதவள்தான். அவள் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர, உறுப்பினர்கள் முறை வைத்து ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருக்கலாம். கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் எழுதுவதற்கு முன்னால் ஒருத்தர் அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.