தபசு நாள் முடிந்த பிறகு



தபசு காலம் வந்தால் நம் லயங்களில் ஒரு மாற்றம் தெரியும். சம்பளம் எடுத்த கையோடு தவறணைக்குப் போகிறவர்கூட, "இந்த நாப்பது நாளும் தொடமாட்டேன்" என்று நிறுத்திவிடுவார். வீட்டில் சண்டை இல்லை. பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசு இருக்கும். சாயந்தரத்தில் ஜெபச் சத்தமும் கேட்கும். ஆனால் உயிர்த்த ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்து வந்த அன்றைக்கே சில வீடுகளில் போத்தல் திறக்கிறது. பட்ட பாடெல்லாம் ஒரே பின்னேரத்தில் போய்விடும். மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கும் இந்து சகோதரர் வீடுகளிலும் மாலையைக் கழற்றியதும் இதே கதைதான் என்று அம்மாமார் எங்களிடம் சொல்வதுண்டு.

இதை மனவுறுதி இல்லாத குறை என்று பலர் ஏசுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 96 பேரை வைத்துச் செய்து 2009ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் காரியத்தைத் தெரிந்துகொண்டு, தினமும் ஒரே வேளையில், உதாரணமாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, செய்துவந்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்கு நடுக்கணக்கில் 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கண்டார்கள். அப்படியானால் 40 நாள் பலருக்குக் காணாது.

திருச்சபை நாட்காட்டியைப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை, ஞாயிறுகளையும் சேர்த்தால், 46 நாள். அதிலிருந்து ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. மொத்தம் மூன்று மாதம். நேர்ச்சை வைக்கிறவர்கள் பெந்தெகொஸ்தே வரைக்கும் என்று வையுங்கள்.

நாளைக் கூட்டினால் மட்டும் போதாது. பிசாசு போன வீடு கூட்டிப் பெருக்கி வெறுமையாகக் கிடந்ததால், அது இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததை இயேசு சொன்னார் (மத்தேயு 12). குடியை வெளியே அனுப்பியாச்சு, சரி. அந்த ஆறு மணிக்கு மனுஷன் என்ன செய்வார்? அந்த இடத்தில் ஏதாவது வைக்கவேண்டும். மலையிலிருந்து வந்து, மேல் கழுவி, தேத்தண்ணி குடிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கோப்பையைக் கீழே வைத்ததும் வேதத்தை எடுங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்துக்கு அளவாக இருக்கும். இன்று 7ம் திகதி என்றால் 7ம் அதிகாரம். அப்பா அம்மாவுக்கு வாசிக்க வராவிட்டால் பிள்ளை வாசிக்கட்டும். பிள்ளைக்கும் வாசிப்புப் பழகும்.

காசு விஷயமும் இப்படித்தான். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனி டின்னில் போட்டார்கள். உலை வைக்கும்போதே கை தானாகப் போகும், யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பவுலும் வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொன்னார் (1 கொரிந்தியர் 16). சம்பளக் காசு வீட்டுக்கு வந்ததும், கடைக்கடனைக் கொடுக்குமுன், கொஞ்சமானாலும் சேமிப்புப் புத்தகத்துக்கென்று அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். மிஞ்சினால் போடுவோம் என்றால் எந்த மாதமும் மிஞ்சாது.

ஒரு நாள் தவறிவிட்டால்? அதனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். ஒரு ரவுண்டு தப்பினால் கொழுந்து முற்றிப்போகும். அதற்காகச் செடியைப் பிடுங்குவோமா? முற்றினதை ஒடித்துப்போட்டு மட்டம் எடுக்கிறோம். விட்ட அதிகாரத்தைத் தேடவேண்டாம், அன்றைய திகதிக்குரியதை வாசியுங்கள்.

இன்னொரு விஷயம். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை கால் நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். இது உயிருக்கே ஆபத்து. அப்படியானவர் நேர்ச்சைக்கு முன்பே தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்தோடு நிறுத்தவேண்டும். போகக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.